மூன்று தட்டு

காசு அடிக்கிற ஆலையில் வேலை என்றால் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள் என்று நினைக்காத சொந்தக்காரர் கிடையாது. விசேஷ வீடுகளில் அவளைக் கண்டதும், "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்?" என்று கண்ணடிப்பார்கள். ஆலையின் வாசலைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். புறங்கையை நக்குவது இருக்கட்டும், அதைத் திருப்பிக் காட்டாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது. கொண்டையை அவிழ்த்துக் காட்டவேண்டும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டவேண்டும். செருப்பைக் கழற்றித் தட்டிக் காட்டவேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மேசை அவளுடையது. அச்சடித்த காசு பெல்ட்டில் ஓடி வரும். வெள்ளை விளக்கின் கீழ் உட்கார்ந்து, கீறல் விழுந்தது, பாதி அடித்தது, விளிம்பு நசுங்கியது என்று பொறுக்கிப் பக்கத்துச் சிவப்புப் பெட்டியில் போடவேண்டும். போட்டால் மட்டும் போதாது. எந்த எந்திரத்திலிருந்து வந்தது என்று ஒரு சீட்டு எழுதவேண்டும். நாலு மணி நேரம் பார்த்தால் கண்ணை மூடின பிறகும் காசு ஓடும். புதிதாக வந்த பெண்கள் முதல் வாரம் வாந்தி எடுப்பார்கள். அவள் எடுத்ததில்லை. மயிரிழை அளவு கீறலையும் அவள் விரல் போய்க் கவ்விவிடும். மேற்பார்வைக்காரர் அவளுக்குக் 'கழுகு' என்று பேர் வைத்தார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஏழாம் மேசைக்குக் காசு அனுப்புகிற நாலாம் எந்திரத்தில் நின்றவர் அவள் புருஷன். ஆலையில் அவருக்குப் பேர் 'மூணுதட்டு'. அந்தப் பேருக்கு ஒரு காரணம் உண்டு.

அச்சு விழாத வெறும் உலோக வட்டத்துக்கு வில்லை என்று பேர். வில்லைகள் சக்கரம் வைத்த இரும்புத் தொட்டியில் வரும். தொட்டியின் அடியில் ஒரு கதவு, கதவோரம் ஒரு மடிப்பு. ஒரு உலோகத்தை முடித்து வேறு உலோகத்துக்கு மாறுகிற நாளில், தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாலும் அந்த மடிப்பில் ஒரு வில்லை ஒட்டிக்கொண்டு இருந்துவிடலாம். கை லேசில் போகாத இடம், கண்ணும் போகாது. காதுதான் போகும். அதனால் மாற்று நாளில் ஆலையையே நிறுத்திவிடுவார்கள். மரச்சுத்தியால் தொட்டியை மூன்று தரம் தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் பத்து எண்ணும்வரை காது கொடுக்கவேண்டும். உள்ளே ஏதாவது இருந்தால் கிலுங்கும். இல்லையென்றால் "காலி!" என்று உரக்கச் சொல்லவேண்டும். கூடத்தின் கோடியில் உட்கார்ந்திருக்கிற எழுத்தர் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் பதிவேட்டில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் புது உலோகத்தைக் கொட்டலாம்.

மற்றவர்கள் ஒரு தட்டோடு "காலி" சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவள் புருஷன் மூன்றும் தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, பத்து பத்தாக எண்ணுவார். கேலி பண்ணினால், "நான் காலின்னு சொன்னா காலி. அரசாங்கமே அதை நம்பித்தான் காசு அடிக்குது" என்பார். சொல்கிறபோது அவர் குரல் கூரையில் முட்டும். வருஷத்துக்கு வருஷம் அந்தக் குரல் பெரிதாகிக்கொண்டே போனது. வயதாக ஆக மனுஷனுக்குக் கம்பீரம் கூடுகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஏன் பெரிதாகிறது என்பது அவளுக்கு ஒரு மழை நாளில் தெரிந்தது. சமையல்கட்டுக்குத் தகரக் கூரை. மழை அதன்மேல் கூழாங்கல்லைக் கொட்டுகிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் துவைத்த காக்கிச் சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, காயப்போடக் கொல்லைக் கதவைத் திறந்தார். திறந்ததும் நனைந்தார்.

"மழை பெய்யுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று நின்றும் போனது.

இருபத்தாறு வருஷம் எந்திரத்தடியில் நின்ற காது. இடது காது முழுசாகப் போயிருந்தது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாரும் வாய்க்குள்ளயே பேசப் பழகிட்டாங்க" என்று உலகத்தின்மேல் குறை சொன்னார். அவள் மல்லுக்கு நிற்கவில்லை. அவர் வலது பக்கமாக வந்து, முகத்துக்கு நேராக நின்று பேசப் பழகிக்கொண்டாள். டாக்டர் வருஷத்துக்கு ஒரு முறை வந்து நாக்கை நீட்டச் சொல்வார், கண்ணை இழுத்துப் பார்ப்பார். யாராவது புகார் சொன்னால்தான் காதைப் பார்ப்பார். காது கேட்காதவனை எந்திரத்தில் விடமாட்டார்கள். உலைக்களத்தில் மூட்டை தூக்கப் போடுவார்கள், பாதிச் சம்பளத்துக்கு. ஐம்பத்து மூன்று வயதில், தேய்ந்த முதுகெலும்போடு. மகள் வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். எந்திரத்தை விட்டு இறக்கினால் இந்த மனுஷன் எதைச் சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நடப்பார் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

செம்பு விலை ஏறிவிட்டது என்று அந்த வருஷம் சின்னக் காசைச் செம்பிலிருந்து எஃகுக்கு மாற்றினார்கள். அதுவரை சிவப்பாக இருந்த காசு வெள்ளையாகப் போகிறது. மாற்று நாளன்று பன்னிரண்டு எந்திரமும் நின்றன. பன்னிரண்டு தொட்டியிலும் ஒரே நேரத்தில் சுத்தி விழுந்தது. அவரவர் காது அவரவர் தொட்டியில். ஏழாம் மேசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது.

"காலி!"

அரை மணி கழித்துப் புதுக்காசு வர ஆரம்பித்தது. பளபளவென்று எஃகு. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவில் ஒன்று சிவப்பாக வந்தது.

புது வருஷத்து எண், புது முகம், பழைய செம்பு. தப்பான உடம்பில் சரியான அச்சு. அவள் விரல் தானாக நீண்டது. நீண்ட விரல் காற்றில் நின்றது. எடுத்தால் சீட்டு எழுதவேண்டும். சீட்டு எழுதினால் நாலாம் எந்திரம் என்று எழுதவேண்டும். தொட்டியைத் தட்டினது யார், காலி சொன்னது யார் என்று கேட்பார்கள். அப்புறம் காது. எடுத்து மறைக்கலாம் என்றால் வாசலில் கொண்டையை அவிழ்ப்பார்கள். இதெல்லாம் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. காசு மேசையைக் கடக்க மூன்று நொடிதான். விரலை மடக்கிக்கொண்டாள். சிவப்புக் காசு பெல்ட்டின் கோடிக்குப் போய்ச் சாக்குக்குள் விழுந்தது. கடலில் போட்ட உப்பு, இனி யார் கண்டார் என்று நினைத்தாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. ஒரு மாதத்தில் மறந்தும் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து அது பேப்பரில் வந்தது.

ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் பேப்பர் கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் கண்டக்டர் பையில் கிடைத்து, அங்கே இங்கே போய், கடைசியில் பழங்காசு சேர்க்கிற ஒரு பணக்காரர் ஏலத்தில் எடுத்திருந்தார். பெரிதாகப் படம் போட்டிருந்தார்கள். உலகத்திலேயே இது ஒன்றுதானாம்.

"அந்த விலைக்கு நம்ம தெருவையே வாங்கலாம்," என்றாள் ஆறாம் மேசைக்காரி. "தெருவுல இருக்கிற நாம இனாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையிலிருந்த ரொட்டித் துண்டை டப்பாவிலேயே வைத்து மூடினாள்.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். மெலிந்த கழுத்து, வெந்நீர் மட்டும் குடிப்பவர், குரலை உயர்த்தாதவர். சரக்கு அறையை ஒழித்து அவருக்கு மேசை போட்டார்கள். காசு தப்பிப் பிறந்ததா, வேண்டுமென்றே பெற்றதா, இதுதான் அவருக்குக் கேள்வி. தவறாக அடித்திருந்தால் பதிவேட்டில் இருக்கவேண்டும், இல்லை தேர்வு மேசையில் மாட்டியிருக்கவேண்டும். பதிவேட்டில் 'நாலாம் தொட்டி காலி' என்று இருந்தது. மேசை, கழுகின் மேசை. பத்து வருஷப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார், அவளிடமிருந்து ஒரு குறைக்காசு தப்பிப் போனதாக இல்லை. ஆகவே இந்தக் காசு பெல்ட்டில் வரவே இல்லை. ஆகவே யாரோ ஆள் இல்லாத நேரத்தில் அச்சைத் திறந்து, செம்பை வைத்து, விற்பதற்கென்றே அடித்திருக்கிறார்கள். அச்சுப் பெட்டியின் சாவி ஒருத்தரிடம்தான் இருந்தது.

அந்த ஒருத்தர் அவளுடைய அண்ணன்.

அச்சைப் பூட்டுவதும் தேய்ந்ததைக் கழற்றுவதும் அவர் வேலை. அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தவர் அவர்தான். அவளை ஆலையில் சேர்த்தவரும், நாலாம் எந்திரத்துக்காரரை மாப்பிள்ளை பார்த்தவரும் அவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. மத்தியானம் மூன்று பேரும் ஒரே அடுக்கிலிருந்துதான் சாப்பிடுவார்கள். ஓய்வு பெற அவருக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

அண்ணனையும் அவள் புருஷனையும் விசாரித்த அன்று சாயங்காலம், புருஷன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"உங்கண்ணன் ஒத்துக்கிட்டாரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு நேராகத் திரும்பினாள். "என்னத்தை?"

"சாவியை ஆணியில மாட்டிட்டு வெளிய போனாராம். பத்து நிமிஷமாம். அந்த நேரத்துல எவனோ எடுத்திருக்கான். சொல்றாரு பாரு, இத்தனை வருஷம் கழிச்சு! என்னைக் கேட்டாங்க, தொட்டியில மிச்சம் இருந்திருக்குமான்னு. நான் காலி சொன்னா காலி சார், வேணும்னா என் கழுத்தை எடுங்கன்னு சொன்னேன்."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"கழுத்தை எடுங்கன்னு."

"உண்மையைச் சொல்றவன் எதுக்குப் பயப்படணும்? மச்சானா இருந்தா என்ன? அவரு கவனமா இருந்திருக்கணும். மூணு பேரு பேருக்கும் இப்ப இழுக்கு." அவர் குரல் உடைந்தது. மச்சான்மேல் உயிர் அவருக்கு. "எனக்குச் சோறு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அண்ணன் வீடு இரண்டு சந்து தள்ளி. ஓர் அறை, ஒரு தடுப்பு, ஒரு ஸ்டவ். மழைத் தண்ணீர் வாசற்படி வரைக்கும் ஏறியிருந்தது. அவர் ஒரு பழைய வேட்டியைச் சுருட்டிக் கதவிடுக்கில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. நனைஞ்சுட்டியா? துண்டு அங்க இருக்கு. டீ போடுறேன்."

"அண்ணே, சாவியை ஆணியில விட்டேன்னு சொன்னீங்களாமே."

"ஆமா."

"என்னைக்கு?"

"ஏதோ ஒரு நாள். தேதி எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"அண்ணி செத்துக் கிடந்த அன்னைக்கும் அது உங்க இடுப்புலதான் இருந்துச்சு. குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டீங்கன்னு அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

அவர் டீயை ஆற்றினார். ஆற்ற வேண்டியதற்கு மேலேயே ஆற்றினார்.

"ஏலத்துல எடுத்தவர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்திருந்த காசை என் கையில குடுத்தாங்க," என்றார். "பூதக்கண்ணாடியும் குடுத்தாங்க. எவ்வளவு நல்லா விழுந்திருக்கு தெரியுமா? நான் பூட்டின அச்சு அவ்வளவு ஆழமா விழுந்து நான் பாத்ததே இல்ல. எஃகு முரடு, அதுக்குன்னு அழுத்தத்தை ஏத்தி வச்சிருந்தோம். அந்த அழுத்தத்துக்குச் செம்பு எந்த மூலைக்கு? ஓரம் பிதுங்கி, கூரா நிக்குது. விரலை வச்சா கீறும்."

"அதனால என்ன?"

"வேணும்னு அடிக்கிறவன் செம்புக்குத் தக்கபடி அழுத்தத்தைக் குறைச்சுட்டுத்தான் அடிப்பான். தொழில் தெரிஞ்சவன் எவனும் அதைத்தான் செய்வான். இது ஓட்டத்துல விழுந்தது பாப்பா. வெள்ளையோட வெள்ளையா, தானா விழுந்தது. ஓட்டத்துல விழுந்திருந்தா பெல்ட்டுலதான் வந்திருக்கணும். பெல்ட்டுல வந்திருந்தா..."

நிறுத்திக்கொண்டார். தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். மழை கொஞ்சம் ஓய்ந்து மறுபடி பிடித்தது.

"ஏன் விட்டே?" என்று கேட்டார்.

தவற விட்டாயா என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்கு உயிர் போனது.

"மூணு தட்டும் தட்டினாரு அண்ணே. எப்பவும் போல எண்ணினாரு. அவருக்குக் கேக்கலை."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"காது. ரெண்டு மூணு வருஷமா நான் அவரு இடது பக்கம் உக்கார்றதே இல்ல. நீ கவனிச்சதில்ல?"

அவள் கவனித்ததில்லை. மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவள், தினமும் சாப்பிட உட்காருகிற அண்ணன் இடம் மாறி உட்கார்ந்ததைக் கவனிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவளாகத் தன்னை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அழாதே. ஒண்ணும் ஆகாது. கவனக்குறைவுன்னு எழுதுவான். ரெண்டு மாசம் சம்பளத்தை நிறுத்துவான். எட்டு மாசத்துல போகப்போறவன், எனக்கு என்ன? எனக்குப் பின்னால யாரு இருக்கா? உனக்கு ஒரு பொண்ணு இருக்கு. மாப்பிள்ளை எந்திரத்தை விட்டா ஆறு மாசம் தாங்க மாட்டாரு." டீயை அவள் கையில் பிடித்து வைத்தார். "குடி. ஆறிப் போச்சுன்னா நீ குடிக்க மாட்டே."

அண்ணனுக்கு அச்சு தெரியும், உலோகம் தெரியும். அதிகாரிகளைத் தெரியாது. ஆணியில் விட்ட சாவியை அந்த வெந்நீர்க்காரர் கவனக்குறைவு என்று எழுதவில்லை. கூட்டுச்சதி என்று எழுதினார். "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்" என்று அவரும் சொன்னாராம், தட்டெழுத்துக்காரப் பெண் சொல்லித் தெரிந்தது. வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அச்சுக்காரர் வேலைநீக்கம். வழக்கு போலீசுக்குப் போகிறது. மறுநாள் வந்து அழைத்துப்போவார்கள். குறைந்தது ஏழு வருஷம் என்று பேசிக்கொண்டார்கள். அறுபதை எட்டப்போகிறவருக்கு ஏழு வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று கணக்குப் போட யாரும் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முதுகு தெரிந்தது. பிடரியில் நரைத்த மயிர். இருபத்து மூன்று வருஷத்தில் இந்த மனுஷன் அவள்மேல் கை ஓங்கினதில்லை, பொய் சொன்னதில்லை, ஒரு தட்டுக்குப் பதிலாக மூன்று தட்டு தட்டினதைத் தவிர வேறு வம்புக்குப் போனதில்லை. முகத்துக்கு நேராகச் சொல்ல அவளால் முடியவில்லை. முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களுக்குக் காது கேக்கலைங்க. எல்லாம் அதனாலதான்."

அவர் கயிற்றை இறுக்கினார். "காத்தா? ஆமா, ஒரு மாதிரியாத்தான் அடிக்குது. மழை வரும். குடையை எடுத்துக்க."

குடையை எடுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு அனுமதி கேட்டுச் சரக்கு அறைக்குப் போனாள். அதிகாரி இருந்தார், தட்டெழுத்துக்காரப் பெண் இருந்தாள், கதவோரம் ஒரு காவலாள். மூலையில் முக்காலியில் அண்ணன், கையெழுத்துப் போடக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். இடுப்பில் சாவி இல்லை. அரைஞாண் மட்டும் தொங்கியது. அவளைப் பார்த்ததும் அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"அந்தக் காசு என் மேசையிலதான் சார் வந்துச்சு," என்றாள். "தவற விட்டுட்டேன். எங்கண்ணன் மேல ஒண்ணும் இல்ல."

அதிகாரி வெந்நீரை ஒரு வாய் குடித்தார். "உக்காருங்கம்மா. உங்க பதிவேட்டை நான் பார்த்தேன். புள்ளி அளவு குறைக்குக்கூடச் சீட்டு எழுதியிருக்கீங்க. நீங்க போய் ஒரு சிவப்புக் காசைப் பார்க்கலைன்னா, யானை வீட்டுக்குள்ள வந்தது தெரியலைன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"யானைக்கும் அடி சறுக்கும் சார்."

"அண்ணனுக்காகத் தங்கச்சி பழியை ஏத்துக்கிறீங்க. புரியுது. என் தங்கச்சியும் செய்வா. ஆனா நான் எழுத முடியாது. போங்க."

போங்க என்றதும் அவள் எழுந்தாள். அண்ணன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. இத்தனை வருஷம் சம்பாதித்த பேரே அண்ணன் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. அவள் சொல் அங்கே செல்லாக்காசு. கதவு வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"தவற விடலை சார். விட்டேன்."

"என்ன?"

"பார்த்தேன். கையை நீட்டினேன். எடுக்காம விட்டேன்."

"பாப்பா," என்றார் அண்ணன்.

"எடுத்தா நாலாம் எந்திரம்னு எழுதணும். எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது சார். தொட்டியில வில்லை இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அவரு காலி சொல்ற ஆள் இல்ல. அவரு மேல தப்பு இல்ல, என் மேலதான்."

அதிகாரி பேனாவை மூடினார். முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு என்ன ஆதாரம்?"

"தொட்டியைக் கொண்டாரச் சொல்லுங்க."

நாலாம் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சக்கரம் கிறீச்சிட்டது. அதிகாரி ஒரு செம்பு வில்லையை மேசைமேல் வைத்து, "மடிப்பு எங்க இருக்குன்னு நீங்க காட்டுங்க," என்று அண்ணனைப் பார்த்தார்.

"நான் தொட மாட்டேன்," என்றார் அண்ணன். "என்னைக் கூட்டிட்டுப் போங்க. வேண்டாம் பாப்பா, சொன்னா கேளு. அந்த மனுஷனை இப்படி..."

அவளே எடுத்தாள். தொட்டிக்குள் குனிந்து, கையை எட்ட விட்டு, கதவோரத்து மடிப்பில் வில்லையைச் செருகினாள். அன்றைக்கு நீண்டு மடங்கின அதே விரல். பிறகு எழுந்து போய்ச் சுவரோரம் நின்றாள்.

அவள் புருஷன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். அவளைக் கண்டு, "நீ என்ன இங்க?" என்றார். மச்சானைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அவருக்குப் பக்கத்தில் போய்த் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டு வந்தார்.

அதிகாரி அவருக்கு நேராக நின்று, உதட்டை நன்றாக அசைத்து, உரக்கச் சொன்னார். "இந்தத் தொட்டி காலியான்னு பார்த்துச் சொல்லணும். எப்பவும் எப்படிச் செய்வீங்களோ, அப்படி."

"இவ்வளவுதானா சார்?" அவர் முகம் மலர்ந்தது. தன் வேலையைத் தலைமை அலுவலகமே பார்க்க வந்திருக்கிறது. மனைவியும் பார்க்கிறாள். சுத்தியை வாங்கி, கைப்பிடியைச் சட்டையில் துடைத்தார். "நிறைய பேரு ஒண்ணோட விட்டுடுவாங்க சார். நான் மூணு."

வெளியே எந்திரங்கள் டீ நேரத்துக்கு நின்றிருந்தன. அறையில் சத்தமே இல்லை.

தட்டினார். உள்ளே கிலுங் என்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, பத்து எண்ணினார்.

இரண்டாவது தரம் தட்டினார். கிலுங். தட்டெழுத்துக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். காவலாள் தரையைப் பார்த்தான். அவர் எண்ணினார். ஒன்றையும் தாண்டாமல், அவசரப்படாமல் எண்ணினார்.

மூன்றாவது தட்டில் வில்லை மடிப்பை விட்டுக் கழன்று, தொட்டியின் அடியில் விழுந்து, ஒரு சுற்று உருண்டு, ஆடி ஆடி அடங்கியது. அது அடங்க வெகுநேரம் பிடித்தது. அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

எண்ணிக்கொண்டிருந்தவர் பத்தை முடித்தார். நிமிர்ந்தார். நெஞ்சை நிரப்பிக்கொண்டார்.

"காலி!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து, தலையைத் தூக்காமல் எழுத ஆரம்பித்தார். சுத்தியோடு நின்றவர் சுற்றிலும் பார்த்தார். யார் முகத்திலும் ஒன்றும் பிடிபடாமல், கடைசியில் மனைவியிடம் திரும்பினார்.

"கேட்டுச்சா?"

அவள் சுவரை விட்டு நகர்ந்து, அவருடைய வலது பக்கமாக வந்து, உதடு தெரிகிற மாதிரி முகத்துக்கு நேராக நின்றாள்.

"கேட்டுச்சுங்க," என்றாள்.